சங்கத்தின் எட்டு லட்சத்தை விளம்பரத்தில் போடலாமா?

ஈரோடு மாவட்டத்தில் உள்ள ஒரு மஞ்சள் விவசாயிகள் சங்கத்தின் செயலாளர் ஐந்து பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், ஊர் எதுவும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அவற்றை விட்டுவிட்டுச் சுருக்கத்தை மட்டும் தருகிறேன்.

சங்கத்தில் சுமார் அறுநூறு உறுப்பினர்கள். சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவானது. சந்தா, நன்கொடை எல்லாம் சேர்த்து எட்டு லட்ச ரூபாய் கையில் இருக்கிறது. கோவையிலிருந்து ஒரு விளம்பர நிறுவனம் வந்து திட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறது: சின்னத்திரை நடிகை ஒருவரை வைத்து வீடியோ, இன்ஸ்டாகிராம் ரீல்ஸ், நெடுஞ்சாலைப் பலகைகள், ‘புற்றுநோயை விரட்டும் ஈரோடு மஞ்சள்’ என்ற வாசகம், மூலையில் புவிசார் குறியீட்டுச் சின்னம் (ஒரு பொருள் இன்ன ஊருக்கே உரியது என்று காட்டும் பதிவுச் சின்னம்). கூடவே சங்கத்தின் பெயரிலேயே மஞ்சள் தூள் பாக்கெட். ‘குவிண்டாலுக்கு இன்ன விலைக்குக் கீழே எங்கள் உறுப்பினர் யாரும் விற்க மாட்டார்கள்’ என்று பத்திரிகையில் அறிவிக்கவும் செயற்குழுவில் பேச்சு இருக்கிறது. இளைஞர்கள் இதை உடனே செய்ய வேண்டும் என்கிறார்கள். தலைவரோ, ‘சரக்கு நல்லா இருந்தா வியாபாரி தானா வருவான், இதெல்லாம் வெட்டிச் செலவு’ என்கிறார். செயலாளர் கேட்பது இது: ‘யார் சொல்வது சரி? இந்தத் திட்டத்தில் கையெழுத்துப் போடலாமா?’

அன்புள்ள செயலாளர் அவர்களுக்கு,

கையெழுத்துப் போடாதீர்கள். இந்தத் திட்டத்தில் இப்போதைக்கு வேண்டாம். ஆனால் தலைவர் சொல்வதும் பாதிதான் சரி. நல்ல சரக்கு தானாகப் பேசாது, அதற்காக ஒருவர் வாய் திறந்துதான் ஆக வேண்டும். அந்த நிறுவனம் யாரிடம் பேசுவது என்பதையே தவறாகப் பிடித்திருக்கிறது. அங்கிருந்து தொடங்குகிறேன்.

உங்கள் உறுப்பினர் விற்பது விரலியும் (விரல் போன்ற பக்கக் கிளை) கிழங்கும் (நடுவிலுள்ள தாய்க் கிழங்கு), மூட்டை மூட்டையாக. டிவி பார்க்கும் குடும்பம் வாங்குவது நூறு கிராம் தூள் பாக்கெட். இரண்டுக்கும் நடுவே வியாபாரி, கிடங்குக்காரர், அரவை ஆலை, தூள் கம்பெனி, ஏற்றுமதியாளர், மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின் என்ற பொருளைப் பிரித்தெடுக்கும் தொழிற்சாலை என்று ஒரு நீண்ட வரிசை நிற்கிறது. நடிகை சொல்வதைக் கேட்டு ஒரு குடும்பத்தலைவி கடைக்குப் போனால், கண்ணில் படும் ஏதோ ஒரு கம்பெனியின் பாக்கெட்டை வாங்கி வருவார். அதில் உங்கள் மஞ்சள் இருக்கிறதா என்பது அவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. உங்கள் எட்டு லட்சம் யாரோ ஒரு தூள் கம்பெனிக்கு இலவச விளம்பரமாகப் போய்விடும்.

ஏலக் கூடத்தில் நீங்கள் எத்தனையோ முறை பார்த்திருப்பீர்கள். வியாபாரி மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டு அடியிலிருந்து ஒரு பிடி எடுப்பார். மேலாக இருப்பதைத் தொடவே மாட்டார். ஒரு விரலியை ஒடிப்பார். நன்றாகக் காய்ந்திருந்தால் கணீரென்று சத்தம் வரும், ஈரம் இருந்தால் வளைந்து கொடுத்து மெதுவாக முறியும். ஒடிந்த முகத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார், நகத்தால் சுரண்டுவார், மூக்கருகே கொண்டு போவார். கால் நிமிடம்கூட ஆகாது. அதற்குள் விலை அவர் மனதில் விழுந்துவிடும். உங்கள் சங்கத்தின் முதல் விளம்பரம் அந்தக் கால் நிமிடத்தில்தான் நடக்கிறது. அங்கே அறுநூறு பேரின் சரக்கும் ஒரே மாதிரி சத்தம் போட வேண்டும். அதற்கு நீங்கள் முதலில் பேச வேண்டியது உங்கள் சொந்த உறுப்பினர்களிடம், அப்புறம் வாங்குபவர்களிடம், கடைசியாகத்தான் பொதுமக்களிடம்.

இனி கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்த விஷயங்களுக்கு வருகிறேன்.

புற்றுநோய் வாசகம்

இதை இன்றே அடித்துவிடுங்கள். ‘அமெரிக்காவே மஞ்சளை மருந்து என்று ஒத்துக்கொண்டதே, நாம் சொன்னால் என்ன தப்பு’ என்று எழுதியிருக்கிறீர்கள். நம் பக்கத்தில் பலரும் இப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நடந்தது வேறு. 1995-ல் அமெரிக்காவின் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு, காயத்தை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவது என்பதற்குக் காப்புரிமை கிடைத்தது. நம் நாட்டின் அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சிக் கழகம் அதை எதிர்த்தது. 1997-ல் காப்புரிமை ரத்தானது. ரத்தானதற்குக் காரணம், ‘இது புதுக் கண்டுபிடிப்பு இல்லை, இந்தியாவில் காலங்காலமாகத் தெரிந்ததுதான்’ என்பது. பழைய நூல்களையும் 1953-ல் ஓர் இந்திய மருத்துவ இதழில் வந்த கட்டுரையையும் காட்டித்தான் ஜெயித்தார்கள். அந்த வழக்கில் புற்றுநோய் என்ற பேச்சே இல்லை. அதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது, நம்மிடம் எழுத்தில் ஆதாரம் இருந்ததால் ஜெயித்தோம் என்பதைத்தான்.

1954-ம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம், புற்றுநோய், சர்க்கரை நோய் போன்ற ஒரு பட்டியல் நோய்களைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 53-வது பிரிவில், தவறான விளம்பரத்துக்குப் பத்து லட்சம் வரை அபராதம் உண்டு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன் கீழும் தனியாக நடவடிக்கை வரலாம், நடிப்பவரும் அதில் மாட்டுவார். ரீல்ஸ் போடுபவர் பணம் வாங்கியிருந்தால் அதைப் பார்ப்பவருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று 2022-ல் வந்த வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். சிகிச்சையில் இருக்கும் ஒருவர் உங்கள் வாசகத்தை நம்பி மாத்திரையை நிறுத்திவிட்டால் அந்தப் பாவத்தை அறுநூறு குடும்பம் சுமக்க வேண்டியிருக்கும்.

‘உலகிலேயே அதிகக் குர்குமின்’ என்ற இன்னொரு வரியும் வரைவில் இருக்கிறது. அது உண்மை இல்லை. மேகாலயாவின் லக்கடாங் மஞ்சளில் குர்குமின் 7 சதவீதத்தைத் தாண்டுகிறது. ஈரோட்டில் நாம் போடும் நாட்டு ரகம் அதில் பாதி அளவை ஒட்டித்தான் நிற்கும். குர்குமின் ஆலைக்காரருக்கு இது மனப்பாடம். ஒரு பொய்யைக் கண்டுபிடித்துவிட்டால் மற்ற நான்கு உண்மைகளையும் அவர் நம்ப மாட்டார். நமக்கு வேறு பலம் இருக்கிறது: பக்குவமாக வேகவைத்துக் களத்தில் காயப்போடும் பழக்கம், பிடித்தாலே தெரியும் விரலியின் கெட்டி, நிறம், தலைமுறை தலைமுறையாக நடக்கும் சந்தை. அதைச் சொல்லுங்கள், போதும்.

புவிசார் குறியீடு

‘நாங்கள் ஈரோட்டு விவசாயிகள், அதனால் சின்னத்தைப் போட்டுக்கொள்ளலாம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியே போட்டுக்கொள்ள முடியாது. ஈரோடு மஞ்சளுக்கு 2019-ல் குறியீடு கிடைத்தது. விண்ணப்பித்தது ஈரோட்டு மஞ்சள் வணிகர்கள், கிடங்கு உரிமையாளர்கள் சங்கம். பதிவு பெற்றவர் ஒருவர், அதைப் பயன்படுத்தும் உற்பத்தியாளர் வேறொருவர். ஒவ்வொரு உற்பத்தியாளரும் ‘அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்’ என்று சென்னை கிண்டியில் உள்ள புவிசார் குறியீட்டுப் பதிவகத்தில் பெயர் பதிந்துகொள்ள வேண்டும். கட்டணம் சொற்பம், காகித வேலைதான் அதிகம். உறுப்பினர்களை ஐம்பது ஐம்பது பேராக உட்காரவைத்து விண்ணப்பம் பூர்த்தி செய்து கொடுப்பது, உங்கள் சங்கம் செய்யக்கூடிய மிக நல்ல காரியங்களில் ஒன்று. பொய்யாகக் குறியீட்டைப் போட்டால் சட்டத்தின் 39-வது பிரிவின்படி ஆறு மாதத்திலிருந்து மூன்று வருடம் வரை சிறை என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

இன்னொரு குழப்பமும் உண்டு. ஈரோட்டுச் சந்தையில் விற்பதெல்லாம் ஈரோடு மஞ்சள் ஆகிவிடாது. தர்மபுரி, சேலம் பக்கமிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் சரக்கு வருகிறது. அது வரட்டும், சந்தைக்கு அது நல்லதுதான். ஆனால் பதிவில் உள்ள எல்லைக்குள் விளைந்தால்தான் அந்தப் பெயர். பதிவு ஆவணத்தின் நகலை வாங்கி, எல்லை விவரத்தை எல்லா உறுப்பினருக்கும் காட்டுங்கள். உங்கள் உறுப்பினர் சிலரின் தோட்டமே எல்லைக்கு வெளியே இருக்கலாம், அதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. மகாராஷ்டிராவின் சாங்லி 2018-லும் ஒடிசாவின் கந்தமால் 2019-லும் குறியீடு வாங்கிவிட்டன. தேசிய மஞ்சள் வாரியம் 2025 ஜனவரியில் தெலங்கானாவின் நிஜாமாபாத்தில் தொடங்கியது. வாங்குபவர் முன்னால் இன்று எத்தனையோ ஊர்ப் பெயர்கள் நிற்கின்றன. நம் பெயருக்குப் பின்னால் ஆவணம் இருக்க வேண்டும்.

விலை அறிவிப்பு

உங்கள் கோபம் நியாயமானது. எட்டொன்பது மாதப் பயிர், வேகவைக்க, காயப்போட, பாலீஷ் போட என்று கூலி மேல் கூலி, மத்திய அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலைப் பட்டியலில் மஞ்சள் கிடையாது. இருந்தாலும், ‘இதற்குக் கீழே யாரும் விற்க மாட்டோம்’ என்று சங்கமாகத் தீர்மானம் போட்டு அறிவிப்பது, போட்டிச் சட்டம் 2002-ன் 3-வது பிரிவில் சிக்கும் வேலை. தொழில் சங்கங்களும் அந்தப் பிரிவுக்கு உட்பட்டவைதான். அரசிடம் ஆதரவு விலை கேட்டு மனுக் கொடுங்கள், ஊர்வலம் போங்கள், சாகுபடிச் செலவைக் கணக்குப் போட்டு வெளியிடுங்கள், அதெல்லாம் உங்கள் உரிமை. விற்கும் விலையைக் கூடிப் பேசி நிர்ணயிப்பதுதான் ஆபத்து. தீர்மானப் புத்தகத்தில் இதுவரை எதுவும் எழுதவில்லை என்றால் எழுதாதீர்கள். எழுதிவிட்டீர்கள் என்றால் கிழிக்காமல் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

இதைவிடப் பலன் தருவது ஒன்று உண்டு. உறுப்பினர் கைபேசிக்கு தினமும் சாயங்காலம் நான்கு வரிச் செய்தி அனுப்புங்கள். ஈரோடு, பெருந்துறை ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்கள், ஈரோடு, கோபி கூட்டுறவுச் சங்கங்கள் என்று நான்கு இடங்களிலும் அன்று விரலி குறைந்தது எவ்வளவு, அதிகம் எவ்வளவு, கிழங்கு எவ்வளவு, எத்தனை மூட்டை வந்தது, எத்தனை விற்றது. எழுத்தோடு அதையே குரல் பதிவாகவும் போடுங்கள். அறுபது வயதுக்காரர் கண்ணாடியைத் தேடாமல் கேட்டுக்கொள்வார். நடந்து முடிந்த ஏலத்தின் விலையைச் சொல்வதில் சட்டச் சிக்கல் இல்லை. களத்துக்கு வந்து ‘இன்னிக்கு மார்க்கெட் டல்லுங்க’ என்று சொல்லும் தரகரிடம் பதில் சொல்ல உங்கள் உறுப்பினருக்கு ஒரு எண் கையில் இருக்கும்.

சங்கத்தின் பெயரில் தூள்

பதிவு பெற்ற சங்கம் லாபத்தை உறுப்பினருக்குப் பங்கு போட முடியாது. தூள் விற்க ஆசையுள்ள பத்துப் பேர் சேர்ந்தாலே கம்பெனிச் சட்டத்தின் கீழ் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் தொடங்கலாம். தோட்டத்து மஞ்சளை அப்படியே விற்கும் விவசாயிக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கெடுபிடி இல்லை. அரைத்துப் பாக்கெட் போட்டால் பதிவோ உரிமமோ வேண்டும், பாக்கெட்டில் எடை, தேதி, விலை எல்லாம் விதிப்படி அச்சிட வேண்டும். ‘ஆர்கானிக்’ என்று போட ஆசைப்பட்டால் அதற்குத் தனிச் சான்று.

சட்டம் அனுமதித்தாலும் நான் பிரித்து வைக்கத்தான் சொல்வேன். நாளைக்குச் சங்கம் ஒருவரின் சரக்கைப் பார்த்து, ‘இது தரம் குறைவு’ என்று சொல்ல வேண்டி வரும். அதே சங்கம் தூளும் விற்றால், ‘தன் வியாபாரத்துக்காகச் சொல்கிறார்கள்’ என்று பேச்சு வரும். தராசு பிடிக்கிறவர் கடை வைக்கக் கூடாது.

வதந்தி வருவதற்கு முன்

கடிதத்தில் நீங்கள் தொடவே இல்லாத விஷயம் இது. எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் படுகிறது. மஞ்சள் என்றால் இன்று வெளிநாட்டு வாங்குபவர் முதலில் கேட்பது காரீயத்தைப் பற்றித்தான். நிறம் கூட்ட, காரீயம் உள்ள லெட் குரோமேட் என்ற மஞ்சள் சாயத்தைச் சில இடங்களில் பாலீஷ் போடும்போது சேர்த்திருக்கிறார்கள். குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும் நஞ்சு அது. எங்கோ ஒரு ஊரில் ஒரு சாம்பிள் மாட்டினாலும், அந்த வீடியோ வாட்ஸ்அப்பில் சுற்றும்போது எல்லா மஞ்சளின் மீதும் சந்தேகம் விழும்.

வங்கதேசத்தில் நடந்ததை உங்கள் செயற்குழுவில் விரிவாகச் சொல்லுங்கள். 2019-ல் அங்கே சந்தையில் எடுத்த மஞ்சள் சாம்பிள்களில் 47 சதவீதத்தில் காரீயம் இருந்தது. ஆய்வாளர்களும் அந்நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையமும் சேர்ந்து இறங்கினார்கள். வியாபாரிகளையும் ஆலைக்காரர்களையும் நேரில் பார்த்துப் பேசினார்கள், சந்தைகளில் நோட்டீஸ் ஒட்டினார்கள், மொத்தச் சந்தையில் கருவியோடு போய்ச் சோதித்து, மாட்டியவர்களுக்கு அபராதம் போட்டதைச் செய்தியாக்கினார்கள். 2021-ல் எடுத்த சாம்பிள்களில் காரீயம் இருந்தவை பூஜ்யம். நடிகை யாரும் தேவைப்படவில்லை. தவறு எங்கே நடக்கிறதோ அந்த இடத்துக்கே செய்தி போனதால் மாறியது.

நீங்கள் செய்ய வேண்டியது: உறுப்பினர் சரக்கைப் பாலீஷ் போடும் ஒவ்வொரு இடத்திலும், ‘நிறத்துக்காக எதையும் சேர்க்க மாட்டோம்’ என்று எழுதி வாங்குங்கள். மத்திய அரசின் ஸ்பைசஸ் போர்டு (நறுமணப் பொருள் வாரியம்) ஆய்வகத்திலோ அங்கீகாரம் பெற்ற வேறு ஆய்வகத்திலோ, முன்கூட்டிச் சொல்லாமல் எடுத்த சாம்பிள்களைச் சோதித்து முடிவைக் கோப்பில் வையுங்கள். பிரச்சினை வந்தால் யார் பேசுவது என்று இப்போதே ஒருவரை முடிவு செய்யுங்கள். அவரைத் தவிர வேறு யாரும் நிருபரிடம் பேசக் கூடாது. ‘எங்கள் மஞ்சளில் கலப்படமே இல்லை’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ‘இத்தனை சாம்பிள், இந்தத் தேதியில், இந்த ஆய்வகத்தில் சோதித்தோம், முடிவு இது’ என்று சொல்லுங்கள். முன்பு ஓர் உற்பத்தியாளர் அமைப்புக்கு நான் வேலை செய்தபோது இப்படி ஒரு வதந்தி வந்தது. எங்கள் கையில் சோதனை அறிக்கை ஒன்றுகூட இல்லை. மூன்று நாள் வாயடைத்து நின்றோம். அந்த மூன்று நாளில் விழுந்த விலை அந்தப் பருவம் முழுக்க எழவில்லை. அந்த விவசாயிகளின் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

எட்டு லட்சத்தை எப்படிப் பிரிப்பது?

ஒரு வருடத்துக்கு என் கணக்கு இது, உங்கள் நிலவரப்படி மாற்றிக்கொள்ளுங்கள். மூன்று லட்சம் உறுப்பினருக்கு: வேகவைக்கும் பதம், தார்ப்பாய் விரித்துக் காயப்போடுவது, ரகம் கலக்காமல் மூட்டை பிடிப்பது, சாம்பிள் சோதனை. குர்குமின் அதிகமுள்ள பிரதீபா ரகத்தையும் நாட்டு ரகத்தையும் ஒரே மூட்டையில் கொட்டினால் குர்குமின் பார்த்து வாங்குபவர் குறைந்த விலையைத்தான் சொல்வார். இரண்டு லட்சம் வாங்குபவருக்கு: அறுவடை நேரத்தில், அதாவது பிப்ரவரி வாக்கில், தூள் கம்பெனிகளையும் ஏற்றுமதியாளர்களையும் தோட்டத்துக்கும் களத்துக்கும் அழைத்து வந்து காட்டுங்கள். கையில் சாம்பிள் பெட்டியும் சோதனை அறிக்கையும் கொடுங்கள். ஒன்றரை லட்சத்தைத் தொடாமல் அவசரத்துக்கு வையுங்கள். ஐம்பதாயிரம் குறியீட்டுப் பதிவுக்கும் ஆவணத்துக்கும். மிச்சம் ஒரு லட்சம்தான் பொதுமக்களுக்கு. பொங்கலுக்கு மஞ்சள் கொத்து வீட்டு வீட்டுக்குப் போகும் நேரத்தில் அதைச் செலவிடுங்கள். பானையில் கட்டும் அந்தக் கொத்தோடு ஒரு சின்ன அட்டை, அதில் எந்த ஊர்த் தோட்டம், எப்போது பிடுங்கியது என்ற இரண்டு வரி. அந்த ஒரு வாரம் தமிழ்நாடே மஞ்சளைக் கையில் வைத்திருக்கும்.

இளைஞர்களை ஓரங்கட்டிவிடாதீர்கள். ரீல்ஸ் எடுக்கத் தெரிந்த அந்தப் பையன்களிடமே தினசரி விலைச் செய்தியையும் களத்தில் எடுக்கும் வீடியோவையும் ஒப்படையுங்கள். வேகும் மஞ்சளின் ஆவி, காயப்போட்ட களம், பாலீஷ் டிரம்மிலிருந்து விழும் விரலி, இதையெல்லாம் அவர்களைவிட நன்றாக எந்த விளம்பர நிறுவனமும் எடுக்க முடியாது. தலைவரிடம் வியாபாரிகளை அழைக்கும் பொறுப்பைக் கொடுங்கள். நாற்பது வருடமாக மண்டியில் நிற்பவர், அவர் கூப்பிட்டால் வருவார்கள்.

அடுத்த செயற்குழுவுக்கு முன் ஒன்று மட்டும் செய்துவிட்டுப் போங்கள். இருபது உறுப்பினர்களின் மூட்டை அடியிலிருந்து நீங்களே ஆளுக்கு ஒரு பிடி விரலி எடுத்து, இருபது காகிதப் பையில் எண் மட்டும் எழுதி, மேஜையில் வரிசையாக வையுங்கள். பெயர் வேண்டாம். எல்லோரையும் ஒவ்வொன்றாக ஒடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதன் பிறகு பட்ஜெட்டை எடுங்கள்.